சார்ஜ் போட ஒரு சுவர்

நான் கணக்கு வாத்தியார். இருபத்தோரு வருடமாகப் பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருக்கிறேன். என்னுடைய கணக்கை யாரும் சுழிக்க முடியாது என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. அந்தத் திமிரோடுதான், தவணைப் பரீட்சையில் மிஞ்சிப்போன ஒரு வினாத்தாளின் பின்பக்கத்தில் நடுவே கோடு கிழித்து, இடது பக்கம் பெட்ரோல் கார், வலது பக்கம் மின்சாரக் கார் என்று எழுதினேன்.

இடது பக்கத்தில் எங்களுடைய பழைய கார் இருந்தது. வாரத்துக்கு எத்தனை மைல், ஏற்றத்தில் அது குடிக்கிற பெட்ரோல் எவ்வளவு, வருடத்துக்கு ஒரு தரம் தேய்ந்துபோகிற கிளட்ச் தட்டு, எண்ணெய் மாற்றுவது எல்லாவற்றையும் எழுதினேன். வலது பக்கத்தில் கரண்ட் செலவு, பழைய காரை விற்றால் கிடைக்கும் காசு, அதற்கு மேல் எடுக்க வேண்டிய கடன், பேட்டரி வயதாகி வருவதற்கான கழிவு. மூன்று வருடமும் சில மாதமும் போனால் கடன் தீர்ந்து, அதற்குப் பிறகு மிச்சம்தான் என்று விடை வந்தது. மூன்று முறை சரி பார்த்தேன். மூன்று முறையும் அதே விடை.

கார் ஆசை பிடித்து நான் இந்தக் கணக்கில் உட்காரவில்லை. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. புதனும் சனியும் நுவரெலியா ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். முதல் இரண்டு மாதம் பஸ்ஸில்தான் போய் வந்தோம். திரும்பி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் அவளுக்குக் குமட்டும். மடியில் ஒரு பை வைத்திருப்பாள். தலவாக்கலையில் இறங்கும்போது நிற்கத் தெம்பு இருக்காது. பிறகுதான் கடன் வாங்கி அந்தப் பழைய காரை எடுத்தேன். கார் வந்ததும் பெட்ரோல் என் சம்பளத்தைத் தின்ன ஆரம்பித்தது.

அவள் கெட்டிக்காரி. நான் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை என்றாலும், மாதக் கடைசியில் நான் பெட்ரோல் முள்ளைப் பார்க்கிற விதத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். ஒரு புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்க்கும்போது அவள் உடுத்திக் கிளம்பாமல் கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இன்னைக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. இந்தப் புதன விட்டுட்டு சனிக்கெழம போனா என்ன?"

முகம் வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே பை கட்டியிருந்தது. நான் கத்தினேன். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். அன்றைக்கு அவள் மெஷினில் படுத்திருந்தபோது வெளியே மர வாங்கில் உட்கார்ந்து அழுதேன். அதே வாரம்தான் அந்த வினாத்தாளை எடுத்தேன்.

மின்சாரக் காரை விற்க இருந்தவர் நுவரெலியாவில் ஓய்வு பெற்ற ஒரு சிங்கள நில அளவையாளர். மார்க்கெட்டுக்கும் விகாரைக்கும் போய் வந்ததைத் தவிர அந்தக் காருக்கு அவர் வேலையே கொடுக்கவில்லை. பேட்டரியின் வலு காட்டும் கட்டங்களில் பன்னிரண்டுக்கு ஒன்பது இன்னும் மிச்சம். நல்ல மனிதர்.

"மாஸ்டர், ரெண்டு நாளைக்கு கொண்டு போங்க. ஏத்தம் எறக்கம் எல்லாம் ஓட்டிப் பாருங்க. சரி வந்தா எடுங்க, சரி வராட்டி பரவாயில்ல" என்றார். என் காரை அவர் வாசலில் விட்டுவிட்டு, அவருடைய காரில் ஆஸ்பத்திரிக்குப் போய் மனைவியை ஏற்றிக்கொண்டேன். அது ஒரு சனிக்கிழமை, பகல் பதினொரு மணி.

நானு ஓயா தாண்டி இறங்க ஆரம்பித்ததும் ஒரு அதிசயம் நடந்தது. இறக்கத்தில் வண்டி தானாகவே பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் என்று படித்திருந்தேன். படித்தது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்ணாடித் திரையில் பேட்டரி மிச்சம் என்று காட்டிய எண் கூடிக்கொண்டே வந்தது. வீட்டை நோக்கிப் போகப் போக வண்டியில் வலு ஏறியது. நான் பிள்ளைகளைப் போலச் சத்தம் போட்டு அவளிடம் காட்டத் திரும்பினேன். அவள் தூங்கிவிட்டிருந்தாள். உறுமல் இல்லை, பெட்ரோல் வாடை இல்லை, கியர் மாற்றும்போது வருகிற குலுக்கல் இல்லை. மடியில் பை இருந்தது, விரிக்காமல் மடித்தபடியே. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் அவள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தோட்டத்துச் சந்தியில் கண் விழித்து, "அதுக்குள்ள வந்துட்டோமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே வாங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. கணக்கும் சரி என்றுதானே சொல்கிறது.

எங்களுடையது தேயிலைத் தோட்டத்தில் எட்டுக் காம்பரா, அதாவது எட்டு வீடு, ஒரே வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கிற லயம். எங்கள் காம்பராவுக்கு முன்னால் நான் ஒரு அறை இறக்கி, தரைக்கு மாபிள் பதித்து, பச்சை பூசியிருந்தேன். வண்டியை வாசலில் நிறுத்தி, தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தலைச் செருகும் பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக வயரை இழுத்துக் காரில் மாட்டினேன். பொட்டு வெளிச்சம் மினுங்கியது. லயமே கூடிவிட்டது.

"என்ன மாஸ்டர், காருக்கு செலைன் ஏத்துறீங்களா?" என்று பக்கத்துக் காம்பராக்காரர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும்கூடச் சிரித்தாள். "எனக்கு முடிஞ்சு இப்ப அதுக்கு" என்றாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். செலைன் என்று கேட்டவருடைய வீட்டில் டீவி அணைந்து அணைந்து எரிந்தது. கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்த நேரம். பிறகு எங்கள் பிளக்கிலிருந்து பொசுங்கல் வாடை. நான் ஓடிப் போய்ப் பிடுங்குவதற்குள் எட்டு வீட்டிலும் கரண்ட் போய்விட்டது. யாரும் என்னை முகத்துக்கு நேரே ஏசவில்லை. வாத்தியார் என்ற மரியாதை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் என் மனைவியின் தம்பி வந்து பார்த்தான். டவுனில் வயரிங் வேலை செய்கிறவன். கருகிப்போன பிளக்கைத் திருகிக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "மச்சான், இந்த லயத்துக்கு ஒரே வயருதான் வந்து பிரியுது. லைட்டுக்கும் டீவிக்கும் போட்டது. காருக்குப் போட்டதில்ல. போஸ்ட்ல இருந்து தனியா ஒரு லைன் இழுத்து வேற மீட்டர் வெச்சா ஒரு பிரச்சினையும் இல்ல. கரண்ட் கந்தோருல விண்ணப்பப் பாரம் நிரப்பிக் குடுங்க."

காரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வெளியில் சார்ஜ் போடவும் விசாரித்தேன். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வசதி இருந்தது, தங்குகிறவர்களுக்கு மட்டுமாம். காசு கட்டிப் போடுகிற இன்னோர் இடத்தில் கேட்ட விலையை வலது பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். பெட்ரோலுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு பிளேன்டீக் காசு. வீட்டில் சார்ஜ் போட்டால்தான் கணக்கு நிற்கும். சரி, வீடுதான் இருக்கிறதே என்று மின்சாரக் கந்தோருக்குப் போனேன்.

விண்ணப்பத்தில் வீட்டுச் சொந்தக்காரர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டாள்: "சேர், ஒப்புவ தியெனவத?" வீட்டு உறுதி இருக்கிறதா என்று.

எனக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், வேலை செய்கிறவர்களுக்குக் குடியிருக்கக் கொடுத்தது என்று எங்கள் பக்கத்தில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும். அதைப் பற்றி மேடையில் பேசியிருக்கிறேன். ஆனால் நாலு தலைமுறை குடியிருந்து, நானே மண் குழைத்து அறை இறக்கி, மாபிள் பதித்து, பச்சை பூசிய பிறகு, அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதும்போது பேனா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. கணக்கில் முதல் வரியிலேயே பிழை. இருபத்தோரு வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு முதல் வரியிலேயே சுழித்திருப்பேன்.

உறுதி இல்லையென்றால் தோட்டத்து மெனேஜர் தனக்கு ஆட்சேபனை இல்லையென்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று அந்தப் பெண்ணே வழியும் சொன்னாள்.

தோட்டத்தில் துரையிடம், அதாவது மெனேஜரிடம், ஏதாவது வேண்டுமென்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்பி முடிந்ததும் தலைவரிடம் சொல்ல வேண்டும். தொழிற்சங்கத் தலைவர். அவர் நேரம் பார்த்து ஆபீசுக்குக் கூட்டிப் போவார். வெளியே நிற்க வேண்டும். கிளாக்கரிடம் அவர் இரண்டு வார்த்தை பேசுவார், உள்ளே இருந்து கையெழுத்து வரும், வராமலும் போகும். என் அப்பா அந்த வாசலில் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நான் அப்படி நிற்க மாட்டேன். நான் அரசாங்க உத்தியோகத்தன். எனக்கு எழுதத் தெரியும்.

இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினேன். என் காலஞ்சென்ற தகப்பனார் இந்தத் தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை செய்தார் என்றும், அவருடைய மகனாகிய நான் இப்போது ஆசிரியன் என்றும், எங்கள் வீட்டில் இன்று ஒருவரும் தோட்டத்து வேலையை நம்பி இல்லை என்றும் எழுதினேன். அந்தக் கடைசி வசனத்தை இரண்டு தரம் வாசித்துப் பார்த்து, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. டவுனில் கொடுத்து டைப் அடித்து, நடந்தால் பத்து நிமிடத்தில் போகிற ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. மூன்றே வரி. இந்தக் குடியிருப்பு தோட்டத் தொழிலாளருக்கானது. உங்கள் கடிதத்தின்படியே உங்கள் வீட்டில் தொழிலாளர் எவரும் இல்லாததால் கோரிக்கையைக் கவனிக்க முடியாது. அனுமதி இல்லாமல் கட்டிய முன்னறை பற்றிப் பின்னர் அறிவிக்கப்படும். பிழையில்லாத ஆங்கிலம். சுழிக்க ஒரு இடம் இல்லை.

அன்று சாயந்தரமே தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைவிட இளையவர். வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாஸ்டர் அப்படி எழுதுனீங்க? அக்கா பேரு செக்ரோல்ல இருந்துச்சே."

தோட்டத்து ஆட்பதிவேட்டில் அவள் பெயர் இன்னும் எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. என் மனைவி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகும் எடுத்தாள். மூன்று வருடத்துக்கு முன், வாத்தியார் பெண்டாட்டி கூடை மாட்டிக்கொண்டு போவது நன்றாயில்லை என்று நான்தான் பிடிவாதமாக நிறுத்தினேன். அடுத்த வருடம் வியாதி தெரிய வந்தது.

"நீங்க நிப்பாட்டினதும் கொஞ்ச நாள் லீவுன்னு போட்டு வெச்சிருந்தோம். அப்பறம் சுகமில்லன்னு. கங்காணிக்குத் தெரியும், கிளாக்கருக்கும் தெரியும். யாரும் கேக்கல, யாரும் வெட்டல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, அக்கா பேரச் சொல்லியே கடிதாசி வாங்கிக் குடுத்திருப்பேன் மாஸ்டர். நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க, வீட்டுல ஆள் இல்லைன்னு. போன வாரம் பேர வெட்டிட்டாங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். சொன்னா வெட்டச் சொல்லுவீங்க" என்றாள்.

சொல்லியிருப்பேன். அவள் என்னைக் கோபித்துக்கொண்டிருக்கலாம். தலைவர் பக்கம் திரும்பி, "திரும்பப் பதிய முடியாதா தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

"பெரட்டுக்கு வந்து நின்னா பதியலாம்க்கா. ஆனா..." என்றவர் அவளுடைய இடது கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மெஷின் ஊசி போடுவதற்காக அந்தக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து அறுவை செய்திருந்தார்கள். முழங்கைக்குக் கீழே புடைத்துக்கொண்டிருக்கும். தொட்டால் துடிப்பது தெரியும். அந்தக் கையால் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. முகத்தில் சவர்க்கார நுரையோடு வெளியே வந்து பார்த்தால், கீழே பெரட்டுக் களத்தில் வரிசையின் கடைசியில் அவள் நிற்கிறாள். இடுப்பில் படங்கு கட்டியிருந்தாள். கொழுந்து எடுக்கும்போது செடி கிழிக்காமல் இருக்கச் சேலைக்கு மேல் சுற்றுகிற அந்தத் தடித்த துணியை, நான் தூக்கிப் போடச் சொல்லி மூன்று வருடமாகிறது. எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ. கை முழுக்க மூடுகிற என்னுடைய கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள்.

ஆள் கணக்கெடுக்கிற கணக்கப்பிள்ளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் முன்னால் நின்றார். ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அவர் இடது கைச் சட்டையை மெல்ல மேலே தள்ளிப் பார்த்துவிட்டு, இறக்கிவிட்டார். அவர் கோபப்படவில்லை, கும்பிடுவதுபோல் கையை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். குற்றம் சொல்ல ஒரு ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கவுண்டர்ப் பெண்ணும் நல்லவள், தலைவரும் நல்லவர், கணக்கப்பிள்ளையும் நல்லவர். சுற்றிச் சுற்றி வந்து அந்த ஒரு வசனத்தை எழுதிய கை மட்டும்தான் மிஞ்சியது.

இறங்கிப் போய் அவளைக் கூட்டி வந்திருக்க வேண்டும். அவள் படியேறி மூச்சு வாங்க வருவதற்குள் உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டேன்.

"காலையிலேயே எங்க போன?"

"சும்மா, கீழ வரைக்கும். ஆளு போதுமாம்" என்றாள்.

நானும் நம்பியதுபோல் தலையாட்டினேன். நுரை காய்ந்துபோயிருந்தது.

அந்த வாரமே நில அளவையாளர் போன் பண்ணினார். வேறொருவர் காரைக் கேட்கிறாராம், எனக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறாராம்.

"வேணாம் மாத்தயா, குடுத்துருங்க."

"ஏன் மாஸ்டர், கணக்கு சரி வரலியா?"

"கணக்கு சரிதான் மாத்தயா" என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது. மனைவியின் சுகத்தை விசாரித்தார்.

அடுத்த சனிக்கிழமை பழைய காரில்தான் போனோம். மாதக் கடைசி. முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மெஷினிலிருந்து எழுந்து வந்தவள் வெளுத்துப்போயிருந்தாள். முன் சீட்டில் சாய்ந்து, மடியில் பையை விரித்து வைத்துக்கொண்டாள். நானு ஓயா தாண்டி இறக்கம் தொடங்கியது. மூடுபனி இருந்தது, எதிரே வண்டி அதிகம் இல்லை. கியரை எடுத்துவிட்டு, சாவியை ஒரு படி பின்னால் திருப்பி எஞ்சினை அணைத்தேன். பெட்ரோலை மிச்சம் பிடிக்க டிரைவர்மார் சிலர் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். செய்கிறவர்களை மடையன் என்று திட்டியும் இருக்கிறேன்.

எஞ்சின் உதவி இல்லாமல் ஸ்டியரிங் கல்லாகிப்போனது. பிரேக் இரண்டு தரம் மிதித்ததும் இறுகிவிட்டது. சீட்டில் முதுகை ஊன்றி, முழுப் பாரத்தையும் காலில் கொடுத்தால்தான் வளைவுக்கு முன்னால் வேகம் குறைந்தது. டயர் தார் ரோட்டில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வளைவு, இரண்டு வளைவு. கழுத்தில் வியர்வை ஓடியது. முள்ளைப் பார்த்தேன். அது ஏறவில்லை. இறங்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "ஏங்க, சத்தத்தையே காணோம்?"

"இந்த எறக்கத்துல அப்படித்தான்" என்றேன்.

"அந்தக் காரு மாதிரியே இருக்கு" என்றாள். மடியில் இருந்த பையைத் தடவித் தடவி மடித்து ஓரமாக வைத்தாள். "வயித்தப் பெரட்டல. சந்தி வரைக்கும் இப்படியே ஓட்டுங்க, கொஞ்சம் தூங்குறேன்."

அடுத்த வளைவு வந்தது. இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து மிதித்தேன்.